65 வாட் என்று போட்ட ப்ராசஸர், 180 வாட் சூடு

கேமிங் கம்ப்யூட்டர் சூடாகிறது, என்ன கூலர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் வாட்டைத்தான் கேட்பேன். டிகிரி அப்புறம். ப்ராசஸர் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை அள்ளி வெளியே தள்ளும் தெம்பு கூலருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாட் தெரியாமல் கூலர் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமம்.

சிக்கல் என்னவென்றால், அட்டைப் பெட்டியில் முதலில் கண்ணில் படும் வாட் வேறு, ப்ராசஸர் நிஜத்தில் இழுக்கும் வாட் வேறு. இன்டெல் 2021இல் 12ஆம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் அளவு) என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு இரண்டு எண்களாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒன்று அடிப்படை மின்திறன், மற்றது முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கும் உச்ச டர்போ மின்திறன். கோர் ஐ5-12400எஃப்புக்கு அவை 65, 117. கோர் ஐ7-12700எஃப்புக்கு 65, 180. அடுத்த தலைமுறையின் ஐ7-13700எஃப்புக்கு 65, 219. மூன்றுக்கும் முதல் எண் ஒன்றேதான். அதைப் பார்த்துவிட்டு, ‘65 வாட்தானே, கூட வருகிற கூலரே போதும்’ என்று வாங்குபவரும் விற்பவரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஏஎம்டியிலும் இது உண்டு, இடைவெளிதான் குறைவு. 105 வாட் டிடிபி என்றால் சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) வழியே 142 வாட் வரை போகும். 170 என்றால் 230.

மதுரையில் இருக்கும் என் அக்கா மகனின் கம்ப்யூட்டரில் இருப்பது அந்த 12700எஃப். கூடவே ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, அது தன் பங்குக்கு 200 வாட். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். பகலில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் வீடியோ எடிட்டிங்கும், ராத்திரியில் கேம். உள்ளூர்க் கடை ஒன்றில் அசெம்பிள் செய்து வாங்கியது. ஜனவரியில் வாங்கியபோது எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஏப்ரல் பிறந்ததும் போன் வந்தது.

“மாமா, கேம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் சூப்பரா போகுது. அப்புறம் திக்கித் திக்கி நிக்குது. ஃபேன் கத்துற கத்துல அம்மா கீழேருந்து என்னடான்னு கேக்குறாங்க. கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.”

கார்டின் மேல் பழி போடுவதற்கு முன் எண்களைப் பார்க்கச் சொன்னேன். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் சென்சார் பட்டியலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கேம் ஆடச் சொன்னேன். பார்க்க வேண்டியவை நான்கே வரிகள்: சிபியு பேக்கேஜ் வெப்பம், சிபியு பேக்கேஜ் பவர், கோர்களின் கடிகார வேகம், தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் ‘யெஸ்’ஸா ‘நோ’வா. கடைசி வரிதான் தீர்ப்பு. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில்லு கருகிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. வேகம் குறைந்ததும் சூடு சற்றுத் தணியும், உடனே மறுபடி வேகம் ஏறும், மறுபடி 100. இந்த ஏற்ற இறக்கம்தான் திரையில் திக்கலாகத் தெரிகிறது. அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 100 டிகிரியும் இருந்தது, ‘யெஸ்’ஸும் இருந்தது. 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய கோர்கள் 3க்குப் பக்கத்தில் இறங்கி நின்றன. கார்டு 80ஐக்கூடத் தொடவில்லை.

மே மாதம் நேரில் போனேன். அவன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்த தெர்மாமீட்டர் 36 காட்டியது. கம்ப்யூட்டரோ, அந்தக் காலத்து மேசைகளில் சிபியு வைப்பதற்கென்றே கதவோடு செய்திருப்பார்களே, அந்தப் பெட்டிக்குள் இருந்தது. முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பின் ஃபேன் வெளியே தள்ளிய சூடான காற்று போக வழியில்லாமல் சுற்றி வந்து முன்பக்கமாகவே மறுபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

அறையின் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் பலரும் ஏமாறும் இடம் இது. காற்றில் குளிரும் கூலரானாலும் தண்ணீரில் குளிரும் கூலரானாலும் அறைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. கூலர் செய்வதெல்லாம் அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பதைத் தீர்மானிப்பது மட்டுமே. வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். அங்கே ஒரு கூலர் 75 டிகிரியில் நிறுத்தியது என்றால், மதுரையின் 36 டிகிரி அறையில் அதே கூலர், அதே வாட்டில், 88 முதல் 91 வரை காட்டும். கூலர் கெட்டுப்போகவில்லை. விமர்சனத்தில் இருக்கும் எண்ணிலிருந்து அவர்களின் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு, நம் அறை வெப்பத்தைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். நல்ல விமர்சகர்கள் ‘அறைக்கு மேல் இத்தனை டிகிரி’ என்றே எழுதுகிறார்கள். அப்படி எழுதுபவர்களை நம்பிப் படிக்கலாம்.

இதையே இன்னும் ஒரு படி எடுத்துப் போனால் கூலர் தேர்வுக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று தெரியும். ப்ராசஸரோடு கூட வந்த அந்தப் பழைய கூலர் 100 டிகிரியில் முட்டி நின்றபோது ப்ராசஸர் சுமார் 115 வாட்டைத்தான் தாக்குப்பிடித்தது. 64ஐ 115ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 0.56 டிகிரி. முழு 180 வாட்டையும் 90 டிகிரிக்குள் அடக்க வேண்டுமானால் 54ஐ 180ஆல் வகுக்க வேண்டும். விடை 0.3. அதாவது இருக்கும் கூலரைவிட ஏறக்குறைய இரு மடங்கு திறன் வேண்டும். கேம் மட்டும்தான் என்றால் கணக்கே வேறு. அவன் ஆடும் கேம்களில் ப்ராசஸர் இழுத்தது 90, 95 வாட். அதை 80 டிகிரிக்குள் வைக்க 0.46 போதும், அதற்கு ஒரு சாதாரண ஒற்றை டவர் கூலரே (தகட்டு அடுக்கு ஒன்று நிமிர்ந்து நிற்கும் காற்றுக் கூலர்) தாராளம். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்ததால் கடையில் யார் என்ன சொன்னாலும் எனக்குக் குழப்பம் வரவில்லை.

ஆனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, ஒரு பைசா செலவில்லாதது. சூட்டுக்குக் காரணம் கூலரா, கேபினட்டா என்று பிரித்துப் பார்ப்பது. சினிபெஞ்ச் ஆர்23 போன்ற சோதனை மென்பொருள் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விட்டால் ப்ராசஸர் மட்டும் முழு மூச்சில் வேலை செய்யும், கார்டு சும்மா இருக்கும். கேம் ஆடும்போது ப்ராசஸரின் வாட் குறைவு, ஆனால் கார்டு தன் 200 வாட்டையும் கேபினட்டுக்குள்ளேயே கொட்டும். சினிபெஞ்சில் மட்டும் கொதிக்கிறது என்றால் கூலர் போதவில்லை. சினிபெஞ்சில் சமாளித்துவிட்டு கேமில் கொதிக்கிறது என்றால் கேபினட்டில் காற்றோட்டம் இல்லை. பிறகு பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டையும் மறுபடி ஓட விட வேண்டும். எங்களுக்கு சினிபெஞ்சில் மூடியைக் கழற்றியும் மாற்றமே இல்லை, 100தான். கேமில் மூடியைக் கழற்றியதும் எட்டு டிகிரி இறங்கியது. ஆக இரண்டு நோயும் இருந்தன. பெரிய கூலர் மட்டும் வாங்கி மாட்டியிருந்தால், கேபினட்டுக்குள் சுற்றும் 45 டிகிரிக் காற்றையே அதுவும் குடித்துக்கொண்டிருக்கும்.

அன்று ராத்திரியே பெட்டியைவிட்டு வெளியே எடுத்து, மேசை பக்கத்தில் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பழைய கூலரைத் திருகிப் பார்த்தேன். கூட வரும் இன்டெல் கூலர்களில் நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பின்கள் இருக்கும். அவற்றில் ஒன்று சரியாகப் பூட்டாமல் போனாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், 100 டிகிரிக்கு அது ஒன்றே போதும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு கறுப்புப் பின்களும் வெள்ளைக் காதுகளை விரித்து வெளியே வந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நான்கும் சரியாக இருந்தன.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ப்ராசஸர் எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்பதற்கு பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு வரம்புகள் உண்டு. பிஎல்1 நீண்ட நேரத்துக்கு, பிஎல்2 சிறிது நேரத்துக்கு. இன்டெல் சொல்லும் அளவு ஒன்றாக இருந்தாலும், பல மதர்போர்டுகள் வரம்பே இல்லாத மாதிரி 4096 வாட் என்று வைத்துவிடுகின்றன. சில போர்டுகள் முதன்முறை பயாஸ் திறக்கும்போது ‘என்ன கூலர் மாட்டியிருக்கிறீர்கள், பாக்ஸ் கூலரா, டவரா, வாட்டர் கூலரா’ என்று கேட்கும். அவசரத்தில் யாராவது வாட்டர் கூலரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வரம்பு போய்விடும். இவனுடைய போர்டில் இரண்டுமே 4096. நான் இரண்டையும் 90 ஆக்கினேன். அவ்வளவுதான், அன்று ராத்திரி கேம் திக்கவில்லை. ஃபேன் சத்தமும் குறைந்தது. ஃப்ரேம் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையவும் இல்லை, ஏனென்றால் கேமுக்கு அந்தக் கூடுதல் வாட் பெரிதாகத் தேவைப்படவே இல்லை.

“அப்போ கூலரே வேண்டாமா மாமா?”

கேம் மட்டும் ஆடுபவனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன், அப்படி நிறுத்துவது முழுச் சரியான முடிவும்கூட. பழைய கூலருக்கு 65 வாட் என்பது வசதியான எல்லை, 90 என்பது விளிம்பு. ஆனால் இவன் பிளெண்டரில் ரெண்டர் (3டி காட்சியைப் படமாக மாற்றும் வேலை) போடுகிறவன். அங்கே வாட்டைக் குறைத்தால் நேரம் நீளும். ஐ7 வாங்கியதன் பலன் முழுக்கக் கிடைக்க வேண்டுமென்றால் கூலர் தேவை. புதிய கேம்களில் முதல்முறை ஷேடர் கம்பைல் (காட்சிகளை வரையும் நிரல்களைத் தயார் செய்வது) ஆகும்போதும் எல்லாக் கோர்களும் ஒன்றாக முறுக்கேறும். ‘கேம் லோடிங்கிலேயே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிடுது’ என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா கேட்டது வேறு: “பேசாம ரூமுக்கு ஏசி போட்டாச் சரியாயிடுமா தம்பி?” ஏசி போட்டால் அறை 36லிருந்து 26க்கு வரும், ப்ராசஸரும் அதே பத்து டிகிரி இறங்கும். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளும், இந்தக் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் 400 வாட் போல அறைக்குள் கொட்டும், ஆக ஏசிக்கு இது பெரிய பாரமில்லை. ஆனால் 0.56 கொண்ட கூலர் 26 டிகிரி அறையிலும் 180 வாட்டைத் தாங்காது. 26உடன் 100ஐக் கூட்டிப் பாருங்கள், 126 வருகிறது. மனிதர் தூங்க ஏசி போடலாம், கூலரின் போதாமைக்கு அது மருந்தல்ல. இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். நல்ல கூலர் மாட்டினால் அறை குளிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூலர் சூட்டை இடம் மாற்றுகிறது, அழிப்பதில்லை. ப்ராசஸர் 115 வாட்டில் திணறியதை விட்டு 180 வாட்டில் ஓடும்போது அறைக்கு வரும் சூடு கூடத்தான் செய்யும். எதிர்ச் சன்னலைத் திறந்து வைத்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டுவது அந்த அறைக்கு நிஜமான உதவி.

சென்னை திரும்பியதும் ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே கேபினட்டும் கேபிளுமாக அடைத்திருக்கும் அந்தத் தெருவில், நேரில் எடுத்துப் பார்த்து, அளவு டேப் வைத்து வாங்கலாம் என்பது பெரிய வசதி. ஒரு கடையில், “ஐ7ஆ சார்? லிக்விட் போட்டுடுங்க, வேற எதுவும் தாங்காது” என்றார். இன்னொரு கடையில், “கே இல்லாத மாடல்தானே சார், எண்ணூறு ரூபாய்ல ஒண்ணு இருக்கு” என்றார். இரண்டு பேரும் வாட்டைக் கேட்கவில்லை.

240 மி.மீ. லிக்விட் கூலர் 180 வாட்டை நன்றாகவே தாங்கும், அதை மறுக்கவில்லை. ஒரு டவரைவிடத் தண்ணீர் மெதுவாகச் சூடேறும் என்பதால் திடீர் ஏற்றங்களையும் மென்மையாக ஏற்கும். ஆனாலும் நான் அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஓயாமல் சுழலும் பம்ப் ஒன்று உண்டு. அது நின்றால் ப்ராசஸர் உடனே உச்சத்துக்குப் போய்விடும், கூலரை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவும் செய்யும். டவர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். 120 மி.மீ. ஃபேன் எந்த ஊரிலும் கிடைக்கும், கெட்டாலும் அலுமினியத் தகடுகள் கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்கும். மதுரையில் இருக்கும் கல்லூரிப் பையனுக்கு எது தகுந்தது என்றால், என் முடிவு டவர்தான். 250 வாட்டுக்கு மேல் போகும் ஐ9களைத் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு 360 மி.மீ. லிக்விட் நியாயமான தேவை. அப்படி மாட்டினால், பம்ப் இருக்கும் பகுதி மொத்த அமைப்பிலேயே மேலான இடமாக ஆகிவிடாமல் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று எப்போதும் மேலே ஏறும், அது பம்பில் போய்த் தங்கினால் சத்தமும் வரும், ஆயுளும் குறையும். ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் பொருத்துவது பாதுகாப்பு.

டவர் கூலர்களில் உள்ளே நடப்பது அழகான வேலை. அந்தச் செம்புக் குழாய்கள் கெட்டியானவை அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, மேலே தகடுகளுக்குப் போய், சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப நீராகி, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியே கீழே வரும். வெறும் செம்புக் கம்பியைவிடப் பன்மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது இதனால்தான். ஆகவே ஒரு டவர் கூலரை எடைபோட எத்தனை குழாய், எத்தனை தகட்டு அடுக்கு, எத்தனை ஃபேன் என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். டீப்கூல் ஏகே400 நான்கு குழாய், ஒற்றை அடுக்கு. அதே நிறுவனத்தின் ஏகே620 ஆறு குழாய், இரட்டை அடுக்கு. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இயும் ஆறு குழாய், இரட்டை அடுக்கு, இரண்டு ஃபேன். பெட்டியில் 220 வாட், 260 வாட் என்று நிறுவனங்களே போடும் எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அவை உதவும்.

கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரம். இவன் கேபினட் 160 மி.மீ. வரைதான் இடம் கொடுக்கும். எல்லோரும் புகழும் நாக்டுவா என்எச்-டி15இன் உயரம் 165, ஆகவே அது கழிந்தது. ஏகே620 சரியாக 160, மூடி உரசுமோ என்ற பயம். பியர்லெஸ் அசாசின் 155. ரேமையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆர்ஜிபி விளக்கோடு உயரமாக இருக்கும் ரேம் என்றால் முன் ஃபேனை மேலே நகர்த்தி மாட்ட வேண்டி வரும், அப்போது மொத்த உயரமும் கூடும். இவனுடைய ரேம் குட்டையானது, தப்பித்தோம். பழைய கூலர் வீட்டில் இருந்து அதையே இதில் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 78 மி.மீ., அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200இல் 75. புதிய பொருத்தும் கிட் இல்லாமல் பெரும்பாலும் மாட்ட முடியாது. ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5க்கும் பொருந்தும், சாக்கெட்டோடு வரும் பின்தகட்டைப் பயன்படுத்தும் வகையாக இருந்தால்.

கடைசியில் பியர்லெஸ் அசாசினையே வாங்கினேன். 240 லிக்விட் கூலருக்குச் சொன்ன விலையில் பாதிதான் ஆனது. மிச்சத்தில் கேபினட் முகப்புக்கு இரண்டு 120 மி.மீ. ஃபேன்களும் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூச ஒரு எம்எக்ஸ்-4 பேஸ்ட்டும்.

மறுபடி மதுரை போனபோது மாட்டும் வேலையை அவனையே செய்யச் சொன்னேன், நான் பக்கத்தில் இருந்தேன். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தான். 12ஆம் தலைமுறை ப்ராசஸரின் மேல்தகடு சதுரமாக இல்லாமல் நீண்டு இருக்கும், அதனால் நடுவில் ஒரு பொட்டுக்குப் பதில் நீளவாக்கில் மெல்லிய கோடாகப் பேஸ்ட் வைக்கச் சொன்னேன். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட வேண்டும். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பழைய ஏஎம்4 ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரைக் கழற்றும்போது நேராகத் தூக்கக் கூடாது. பேஸ்ட் இறுகிப்போய் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, மெதுவாகத் திருகி அசைத்த பிறகு தூக்க வேண்டும்.

விலை உயர்ந்த பேஸ்ட்டுக்காக மனதை அலைக்கழிக்க வேண்டாம். நல்ல நிறுவனத்தின் பேஸ்ட்களுக்கு இடையே வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான். லிக்விட் மெட்டல் மட்டும் முதல்முறை செய்பவர்கள் தொடவே கூடாதது. அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் மின்சாரத்தைக் கடத்தும்.

ஃபேன் திசையையும் சொல்லிவிடுகிறேன். சட்டகமும் குறுக்குக் கம்பிகளும் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். முகப்பு ஃபேன்கள் உள்ளே இழுக்க வேண்டும், பின் ஃபேன் வெளியே தள்ள வேண்டும், நடுவில் கூலரின் இரண்டு ஃபேன்களும் அதே திசையில் முன்னிருந்து பின்னோக்கி ஊத வேண்டும். இவன் கேபினட்டின் முகப்பு கண்ணாடி, ஓரத்தில் சின்னக் கீறல் வழியாகத்தான் காற்று வரும். அப்படியிருந்தும் இரண்டு ஃபேன் போட்டதில் கார்டின் சூடும் சேர்ந்து குறைந்தது. புதிதாக வாங்குபவர்கள் கண்ணாடி முகப்பை விட்டு வலை முகப்பு கேபினட்டாக வாங்கினால், நம் ஊர் வெயிலுக்கு அதைவிட மலிவான குளிரூட்டல் கிடையாது. வலையானால் தூசி வருமே என்பார்கள். வரும்தான், ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட ஐந்து நிமிடம் போதும்.

எல்லாம் மாட்டிவிட்டு பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 180 ஆக்கி சினிபெஞ்ச் ஓட்டினோம். அறை 35. பத்து நிமிட முடிவில் 88 டிகிரியில் அசையாமல் நின்றது, வாட் 180, த்ராட்லிங் ‘நோ’. கணக்கில் வந்த 0.3க்கு மிக அருகில். கேமில் 70ஐ ஒட்டி. ரெண்டர் நேரம் நன்றாகவே குறைந்தது, அவனுக்கு அதில்தான் அதிக சந்தோஷம். எனக்குப் பிடித்தது சத்தம் குறைந்தது. பயாஸில் ஃபேன் வேகக் கோட்டை 60 டிகிரி வரை மெதுவாகவும் அதற்கு மேல் படிப்படியாகவும் ஏறுமாறு வரைந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் சில நொடி தாமதம் கொடுத்தோம். பிரவுசர் திறக்கும் நொடியில் 70க்குத் துள்ளிவிட்டு இறங்குவது இன்றைய ப்ராசஸர்களின் இயல்பு, அதற்கெல்லாம் ஃபேன் கத்த வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது வேறு ப்ராசஸர் என்றால் தீர்ப்பும் வேறாகும். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே ஏஎம்டி வடிவமைத்தது. அங்கே பெரிய கூலர் மாட்டினாலும் எண் 95லேயே நிற்கலாம், வேகம்தான் கூடும். அது கோளாறு அல்ல. உறுத்தினால் பயாஸில் ஈக்கோ மோட் 65ஐ இயக்கலாம், சாக்கெட் மின்திறன் 88 வாட்டில் நின்றுவிடும். 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் நினைவகம் கோர்களின் மேல் அடுக்கப்பட்டிருப்பதால் சூடு வெளியேறுவது கடினம், வரம்பும் 89 டிகிரிதான். ஆனால் கேமில் அது இழுக்கும் வாட் குறைவு, நல்ல ஒற்றை டவர் போதும். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் அந்தக் கேஷைக் கோர்களுக்குக் கீழே மாற்றிவிட்டார்கள், சூடு நேராகத் தகட்டுக்கு ஏறும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் கூலரைப் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி சில்லுகள் நாளடைவில் நிலையிழப்பதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது.

இப்போது அவன் பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்து வைத்திருக்கிறான். மார்ச் முதல் ஜூலை வரை 125 வாட், மற்ற மாதங்களில் 180. கோடையில் ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை என்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோவர் அடிக்கிறான், இறக்கை தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடாமல் இருக்க. போன வாரம் அவன் வகுப்புத் தோழன் ஒருவன் ஐ5-12400எஃப்புக்கு என்ன கூலர் வாங்கலாம் என்று கேட்டானாம். “எத்தனை வாட் இழுக்குதுன்னு முதல்ல பாருடான்னு சொல்லிட்டேன் மாமா. 75 வாட்டுக்கு மேல போகலை, ரூம் ஏசி. அவனுக்கு எதுவுமே வாங்க வேண்டாம்னு சொல்லிட்டேன், சரிதானே?” என்றான். சரிதான்.